எலெயோனோரா ஃபொன்சேக்கா பிமென்டெல் பற்றிய ஒலித்தொடர்: ஒரு மதிப்புரை

நேப்பிள்ஸ் நகரில் 1799-ஆம் ஆண்டு வாரம் இருமுறை வெளிவந்த ஓர் அரசியல் செய்தித்தாளை நடத்தி, அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தூக்கிலிடப்பட்ட எலெயோனோரா ஃபொன்சேக்கா பிமென்டெலின் வாழ்க்கையைப் பத்துப் பகுதிகளில் சொல்லும் பிரெஞ்சு ஒலித்தொடர் ஒன்று, சந்தா முறையில் கைப்பேசிச் செயலி வழியாகக் கிடைக்கிறது. மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் கூடும் எங்கள் தமிழ் வாசிப்பு வட்டத்தினர் அதற்குப் பணம் கட்டிக் கேட்டோம். வாங்கலாமா என்று கேட்போருக்கு என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம்; ஆனால் ஐந்து முதல் எட்டு வரையிலான நான்கு பகுதிகளுக்காக மட்டுமே வாங்க வேண்டும். அந்த நான்கும் ஒரு பத்திரிகையாளரின் வேலையைப் பேசுகின்றன. கடைசி இரண்டும் அவருடைய சாவைப் பேசுகின்றன. குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே தவிர்க்கிறேன்.

கட்டணம் 15 யூரோ. நம் ரூபாயில் செலுத்தும்போது வங்கி தன் மாற்றுக் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பகுதிகளை இறக்கிவைத்துக்கொள்ள முடிவதால், கியூர்பிப்பிலிருந்து போர்ட் லூயிக்கு மெட்ரோவில் போகும் நேரத்தில் இணையம் இல்லாமலேயே ஒரு பகுதியைக் கேட்டு முடித்துவிடலாம். ஒலிப்பதிவு தெளிவாக இருக்கிறது. கதை சொல்பவரின் குரல் நிதானமானது. பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தவர்களுக்கு எந்தச் சிரமமும் இராது. எங்கள் வட்டத்தில் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் பேசிப் பிரெஞ்சில் படித்து வளர்ந்தவர்களே மிகுதி என்றாலும், பதினெட்டாம் நூற்றாண்டின் நீதிமன்றச் சொற்களும் திருச்சபைச் சொற்களும் வந்த இடங்களில் பலரும் தடுமாறினார்கள். தொடருடன் வரும் கையேட்டில் ஒரு சொற்பட்டியல் கொடுத்திருந்தால் அந்தத் தடுமாற்றம் குறைந்திருக்கும். கையேட்டைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதல் நான்கு பகுதிகள் பிறப்பு முதல் சிறை வரை செல்கின்றன. எலெயோனோரா 1752 ஜனவரி 13 அன்று ரோமில் பிறந்தவர். பெற்றோர் போர்த்துக்கீசியப் பிரபுக் குடும்பத்தினர். போர்த்துக்கலுக்கும் போப்பாண்டவர் அரசுக்கும் உறவு முறிந்தபோது, 1760-இல் குடும்பம் நேப்பிள்ஸுக்குக் குடிபெயர்ந்தது. இலத்தீனும் கிரேக்கமும் கற்று, இளம் வயதிலேயே கவிதை எழுதிப் பெயர் பெற்று, நேப்பிள்ஸ் மன்னர் ஃபெர்டினாண்டுக்கும் ஆஸ்திரிய இளவரசி மரியா கரோலினாவுக்கும் 1768-இல் நடந்த திருமணத்துக்கு வாழ்த்துக் கவிதை பாடியவர் அவர். அரசவையில் பாராட்டும் உதவித்தொகையும் பெற்ற கவிஞராகவே அவருடைய பொது வாழ்க்கை தொடங்கியது. கோவிலில் தேவாரம் பாடும் சிறுமியைப் பெரியவர்கள் முன்வரிசையில் உட்கார வைத்துப் பெருமைப்படுவதைப் போல, படித்த பெண்ணை அந்தச் சமூகம் ஓர் அணிகலனாகக் காட்டிக்கொண்டது. பின்னாளில் அந்த அணிகலன் வாய் திறந்து அரசியல் பேசியபோதுதான் அவர்களுக்குச் சிக்கல் வந்தது. தொடர் இந்த மாற்றத்தை நன்றாகவே கட்டுகிறது. போப்பாண்டவருக்கு நேப்பிள்ஸ் அரசின்மீது எந்த உரிமையும் இல்லை என்று வாதிட்ட பழைய இலத்தீன் நூல் ஒன்றை அவர் 1790-இல் இத்தாலியில் மொழிபெயர்த்து முன்னுரையும் குறிப்புகளும் எழுதினார் என்பதைச் சொல்லி, அப்போது அவர் இன்னும் அரசரின் பக்கம் நின்றே பேசினார் என்பதையும் சுட்டிக்காட்டுகிறது. புரட்சியாளராகப் பிறந்தவர் என்ற எளிய கதையைச் சொல்லாமல் விட்டதற்காகவே இந்தப் பகுதியைப் பாராட்டலாம்.

திருமணம் பற்றிய மூன்றாம் பகுதி கேட்பதற்குக் கடினமானது, ஆனால் நேர்மையானது. 1778-இல் பாஸ்குவாலே திரியா தெ சோலிஸ் என்ற படை அதிகாரிக்கு அவரை மணம் செய்து வைத்தார்கள். ஒரே மகன் பிரான்செஸ்கோ எட்டு மாதக் குழந்தையாக இருக்கும்போது இறந்தான். அந்தத் துயரத்தை எலெயோனோரா ஐந்து சோனெட்டுகளாக, அதாவது பதினான்கு வரிக் கவிதைகளாக, எழுதினார். அடி உதையால் அடுத்த கரு கலைந்தது. அதையும் ஒரு கவிதையாக எழுதினார். மகளைக் கணவனிடமிருந்து பிரித்துக் கூட்டிவரத் தந்தையே வழக்குத் தொடுத்தார். இந்த வழக்கின் சாட்சியங்களை அழுகைக் குரலோ பின்னணி இசையோ இல்லாமல், ஒரு குமாஸ்தா பதிவேட்டைப் படிப்பதைப் போல வாசித்திருக்கிறார்கள். அந்த அடக்கம்தான் கேட்பவரை உலுக்குகிறது. எங்கள் வட்டத்தில் குடும்ப வழக்குகளில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் இந்தப் பகுதி முடிந்ததும், “அடித்தான் என்பதைவிட, அவள் படிப்பதையே குற்றமாகச் சொன்னான் பாருங்கள், அதுதான் எனக்குப் பழகிய சங்கதி” என்றார். நெடுநேரம் வேறு யாரும் எதுவும் சேர்க்கவில்லை.

நான்காம் பகுதி விரைந்து ஓடுகிறது. பிரான்சில் மன்னரும், 1793 அக்டோபரில் நேப்பிள்ஸ் அரசியின் தங்கையான மரி அந்துவானெத்தும் கொல்லப்பட்ட பிறகு, அதுவரை சீர்திருத்தக்காரர்களை ஆதரித்த அரசவை அவர்களையே வேட்டையாடத் தொடங்கியது. 1794-இல் மூன்று இளைஞர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். எலெயோனோராவின் உதவித்தொகை நிறுத்தப்பட்டது. 1798 அக்டோபரில் அவர் கைதாகி விக்காரியா சிறையில் அடைக்கப்பட்டார். டிசம்பரில் மன்னரும் அரசியும் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனின் கப்பலில் பலெர்மோவுக்குத் தப்பிச் சென்றார்கள். அடுத்த மாதம் நகரத்து ஏழை மக்கள் சிறைக்கதவுகளைத் திறந்துவிட்டபோது எலெயோனோராவும் வெளியே வந்தார். தம்மை விடுவித்த அதே கூட்டம் ஏழு மாதங்களுக்குப் பின் தம் தூக்குமேடையைச் சுற்றி நின்று ஆரவாரம் செய்யும் என்பதை அன்று அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. இந்த முரணைத் தொடர் ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போகிறது. நான் கதை சொல்பவராக இருந்திருந்தால் இங்கே நின்றிருப்பேன். ஏனென்றால் அவருடைய செய்தித்தாள் முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே எழுதப்பட்டது.

ஐந்தாம் பகுதியில் தொடர் விழித்துக்கொள்கிறது. பிரெஞ்சுத் தளபதி ஷாம்பியோனேயின் படை நகரை நெருங்க, உள்ளூர்க் குடியரசுவாதிகள் சாந்த் எல்மோ கோட்டையைக் கைப்பற்றி, 1799 ஜனவரி இறுதியில் நேப்பிள்ஸைக் குடியரசாக அறிவித்தார்கள். பிப்ரவரி 2, சனிக்கிழமை, எலெயோனோராவின் செய்தித்தாளான ‘மொனித்தோரே நாப்பொலெத்தானோ’வின் முதல் இதழ் வெளிவந்தது. ஒருவழியாக நாம் விடுதலை பெற்றுவிட்டோம், விடுதலை, சமத்துவம் என்ற புனிதப் பெயர்களை நாமும் உச்சரிக்கும் நாள் வந்துவிட்டது என்ற பொருளில் அது தொடங்குகிறது. பிரபுக் குலத்தைக் காட்டும் ‘தெ’ என்ற ஒட்டைத் தம் பெயரிலிருந்து எலெயோனோரா நீக்கிக்கொண்டதும் இதே காலத்தில்தான். செவ்வாய், சனி என்று வாரம் இருமுறை, ஜூன் 8 வரை, மொத்தம் 35 இதழ்கள் வந்தன.

இந்த எண்ணிக்கையைக் கேட்டதும் எங்கள் வட்டத்தின் மூத்தவர் ஒருவர் தொடரை நிறுத்தச் சொன்னார். பிரெஞ்சு நாளிதழ்களை அச்சிட்ட போர்ட் லூயி அச்சகம் ஒன்றில், கணினி வருவதற்கு முன்பே அச்சுக்கோப்பவராக வேலை பார்த்தவர் அவர். செவ்வாய்க்கும் சனிக்கும் இடையே நான்கு நாள் இருக்கிறது, சனிக்கும் செவ்வாய்க்கும் இடையே மூன்றுதான் இருக்கிறது என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினார். ஈய எழுத்துகளைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்து, வரி நிறைய இடைவெளிக் கட்டைகளைச் செருகி, பக்கத்தைக் கயிற்றால் இறுகக் கட்டி, மை தடவி மெய்ப்பு எடுத்து, பிழை திருத்தி, மறுபடியும் மெய்ப்பு பார்த்துக் கைப்பொறியில் ஒவ்வொரு தாளாக இழுக்க வேண்டும் என்றால், செவ்வாய் இதழுக்கான கட்டுரை ஞாயிறு இரவுக்குள் கோப்பவரின் கைக்கு வந்தாக வேண்டும். “அந்த அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமையே கிடையாது” என்று சிரித்தார். தொடரை எழுதியவர்களுக்கு இப்படி ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லியிருக்க வேண்டும். செய்தி எப்படி எழுதப்பட்டது என்பதைப் பேசும் அளவுக்கு, அது எப்படி அச்சானது என்பதை அவர்கள் பேசவே இல்லை.

ஆனால் எழுதப்பட்ட விதத்தைப் பேசும் இடங்கள் உண்மையிலேயே அருமை. ஆறாம் பகுதி, குடியரசின் தற்காலிக அரசு நிலப்பிரபுத்துவ உரிமைகளை ஒழிப்பது பற்றி நடத்திய நீண்ட விவாதத்தை அவர் எப்படி இதழுக்கு இதழ் தொடர்ந்து எழுதினார் என்று காட்டுகிறது. பிரபுக்களுக்கு இழப்பீடு தர வேண்டுமா, ஊர்ப் பொதுநிலம் யாருக்குச் சேர வேண்டும் என்ற வாதங்கள் வாரக்கணக்கில் இழுத்தன. சட்டம் ஏப்ரல் இறுதியில்தான் வந்தது. அதற்குள் கலாப்ரியாவில் கர்தினால் ருஃபோ, மன்னரின் பெயராலும் மதத்தின் பெயராலும் விவசாயிகளைத் திரட்டிக்கொண்டு வடக்கு நோக்கி வந்துகொண்டிருந்தார். நிலத்துக்கான சட்டம், நிலமில்லாதவர்கள் எதிரியின் படையில் சேர்ந்த பிறகு வந்தது. இதைத் தொடர் ஒரு நாடகத் திருப்பமாக ஆக்காமல், இதழ்களின் தேதிகளை வரிசையாக அடுக்கிக் காட்டியே கேட்பவருக்குப் புரியவைக்கிறது.

ஏழாம் பகுதியில் எலெயோனோரா தம் சொந்த அணியையே கேள்வி கேட்கும் இடங்கள் வருகின்றன. குடியரசைக் கொண்டுவந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அந்தக் குடியரசிடமே பெரும் தண்டத்தொகை கேட்டவர்களும் அவர்களே. பாரிசிலிருந்து வந்த ஆணையர் ஃபேப்பு, அரச குடும்பத்தின் சொத்துகள் அனைத்தும் பிரான்சின் வெற்றிப் பொருள் என்று அறிவித்தார். அவரை எதிர்த்து வெளியேற்றிய ஷாம்பியோனே தம் பதவியை இழந்தார். பாதுகாக்க வந்த படையின் கொள்ளையையும் அத்துமீறலையும் கண்டித்து எழுதினால், அந்தப் படையின் துப்பாக்கி நிழலில் நடக்கும் பத்திரிகை என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தே எழுதினார். ஆளும் தரப்பின் தயவில் நடக்கும் ஏடுகள் எப்படி இருக்கும் என்பது எந்த நாட்டு வாசகருக்கும் தெரியும் என்பதால், இந்தப் பகுதிக்கு எந்த விளக்கமும் வேண்டியதில்லை.

என் கணிப்பில் தொடரின் உச்சம் எட்டாம் பகுதி. ஏழை மக்கள் குடியரசை நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்று எலெயோனோரா நேராகக் கேட்டார். நாட்டுப்பற்றாளர்கள் பேசுவது அவர்களுக்குப் புரியவில்லை, புரியாததால் நம்பவில்லை என்பதே அவர் கண்ட விடை. படித்தவர்களின் இத்தாலியில் எழுதிக் குவிப்பதால் பயனில்லை, நேப்பிள்ஸ் மக்கள் தெருவில் பேசும் மொழியிலேயே செய்தித்தாள்கள் வர வேண்டும், எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்கு அவை பொது இடங்களில் வாசித்துக் காட்டப்பட வேண்டும், பொம்மலாட்டக்காரர்களும் தெருவில் கதை பாடுபவர்களும் புதிய கருத்துகளைச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் அவர் முன்மொழிந்தார். நகரின் காவல் புனிதரான ஜென்னாரோவின் உறைந்த இரத்தம் உருகும் அற்புதம் குடியரசு காலத்திலும் நிகழ்ந்ததை அவருடைய இதழ் ஏளனம் செய்யவில்லை, செய்தியாகவே தந்தது. பக்தியைப் பழித்துக்கொண்டே மக்களிடம் போக முடியாது என்பது காவடியும் தீமிதியும் பார்த்து வளர்ந்த எங்களுக்குப் புதிய பாடம் அல்ல. ஆனால் மதத்தைக் கேலி செய்த பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேரைப் படித்து வளர்ந்த ஒரு தலைமுறையின் நடுவே நின்று அவர் அதைப் புரிந்துகொண்டது சிறிய செய்தி அல்ல.

இந்தப் பகுதியைக் கேட்டபோது எங்கள் கூட்டத்தில் நடந்த ஒன்றைக் குறிப்பிட வேண்டும். தொடர் பிரெஞ்சில் ஓடியது. நாங்கள் கூடியது தமிழுக்காக. ஆனால் வாதம் சூடு பிடித்ததும் அறை முழுவதும் கிரியோலுக்கு மாறிவிட்டது. எலெயோனோரா சொன்னதற்கு இதைவிட நல்ல விளக்கவுரையை எந்தப் பேராசிரியரும் எழுதிவிட முடியாது. தமிழில் குறிப்பெடுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அந்த நேரத்துக் குறிப்புகள்தான் ஏட்டில் மிகவும் கலங்கலாக இருக்கின்றன.

நல்லவற்றைச் சொன்ன பிறகு குறைகளுக்கு வருகிறேன். தொடர் தன் விளம்பரத்திலும் முதல் பகுதியிலும் எலெயோனோராவை ‘ஐரோப்பாவின் முதல் பெண் பத்திரிகையாளர்’ என்று அழைக்கிறது. இது சரியன்று. வெனிசில் எலிசபெத்தா காமினெர் துர்ரா அவருக்குப் பல ஆண்டுகள் முன்பே இலக்கிய, அறிவியல் இதழ்களில் எழுதி, 1770-களிலேயே ஓர் இதழைத் தம் பொறுப்பில் நடத்தினார்; எலெயோனோரா சிறைக்குப் போவதற்கு முன்பே, 1796-இல், அவர் இறந்தும்விட்டார். எலெயோனோராவின் தனிச்சிறப்பு வேறு இடத்தில் இருக்கிறது. ஓர் அரசு பிறந்து, தள்ளாடி, விழும் காலத்தில் அதன் முதன்மையான அரசியல் செய்தித்தாளை ஒரு பெண் தலைமையேற்று நடத்தினார் என்பதே போதுமான பெருமை. ‘முதல்’ என்ற பட்டத்தை ஒட்டுவதற்காக இன்னொரு பெண்ணை வரலாற்றிலிருந்து துடைப்பது, பெண்களைப் பற்றிய தொடருக்கு அழகாகாது.

இதே வகையில், அவரை இன்றைய பெண்ணியவாதியாகக் காட்ட இரண்டாம் பகுதி படும் பாடும் தேவையற்றது. மொனித்தோரேயின் முதன்மைப் பொருள் பெண்ணுரிமை அல்ல. சட்டம், வரி, படை, கல்வி, மக்களின் நம்பிக்கை ஆகியவையே. இவற்றை எழுதுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு பெண் உட்கார்ந்தார் என்பதற்குள்ளேயே சொல்ல வேண்டியது எல்லாம் இருக்கிறது. அவர் எழுதாததை அவர் வாயில் போட வேண்டியதில்லை.

இன்னொரு குறை எங்கள் தீவைச் சார்ந்தது. ஐந்தாம் பகுதியின் தொடக்கத்தில், பிரெஞ்சுப் புரட்சியின் கருத்துகள் கடல் கடந்து எல்லா நிலங்களையும் விடுவித்தன என்று ஒரு பெருமிதப் பேச்சு வருகிறது. பாரிசில் அடிமை முறையை ஒழிக்கும் ஆணை 1794 பிப்ரவரியில் நிறைவேறியது உண்மை. அந்த ஆணையைச் செயல்படுத்த பாக்கோ, பியூர்னெல் என்ற இரு முகவர்கள் 1796-இல், அன்று ‘இல் தெ பிரான்ஸ்’ என்று அழைக்கப்பட்ட எங்கள் தீவில் வந்து இறங்கியபோது, தீவின் குடியேற்ற அவையும் தோட்ட முதலாளிகளும் சில நாள்களிலேயே அவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூவண்ணக் கொடி பறந்தது, அடிமை முறையும் நடந்தது. ஆங்கிலேயர் வந்து, 1835 பிப்ரவரியில்தான் அது சட்டப்படி முடிந்தது. பிரெஞ்சு ஆளுநர் லாபூர்தொனே காலத்தில் பாண்டிச்சேரியிலிருந்து வந்து போர்ட் லூயியைக் கட்டிய தமிழ்க் கொத்தர்களும் தச்சர்களும் குடியிருந்த மலபார் முகாமுக்குப் பக்கத்திலேயே இவையெல்லாம் நடந்தன. 1773-லேயே அச்சகமும் விளம்பர ஏடும் பெற்ற தீவு இது. கப்பல் வரவு, ஏலம், ஓடிப்போன அடிமைகள் பற்றிய அறிவிப்புகள் அச்சான இடத்தில், எலெயோனோரா எழுதியதைப் போன்ற ஒரு கேள்வியை யாரும் எழுதவில்லை. பிரெஞ்சு மொழித் தொடர் ஒன்று, பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த தீவுகளை இப்படி ஒரே வாக்கியத்தில் விடுவித்துவிட்டுப் போவது எங்கள் யாருக்கும் பிடிக்கவில்லை. நேப்பிள்ஸில் பிரெஞ்சுப் படை என்ன செய்தது என்பதை ஏழாம் பகுதியில் அவ்வளவு கண்டிப்பாகப் பேசியவர்களே இதைச் செய்திருப்பதுதான் வியப்பு.

ஒன்பதாம், பத்தாம் பகுதிகள் முழுக்க முடிவைப் பற்றியவை. நடந்தவை கொடியவை என்பதில் ஐயமில்லை. மே மாதத் தொடக்கத்தில் மக்டோனால்டின் தலைமையில் பிரெஞ்சுப் படையின் பெரும்பகுதி வடக்கே திரும்பிவிட்டது. ஜூன் 13 அன்று ருஃபோவின் படை நகருக்குள் புகுந்தது. கோட்டைகளில் இருந்த குடியரசுவாதிகளுக்கு உயிர்ப் பாதுகாப்புடன் பிரான்சுக்குப் போகலாம் என்று உடன்படிக்கை எழுதிக் கையெழுத்தானது. ஜூன் 24 அன்று வந்த நெல்சன் அதை ஏற்க மறுத்தார். புறப்படக் காத்திருந்த கப்பலிலிருந்து எலெயோனோராவை இறக்கினார்கள். ஆகஸ்டு 20 அன்று மெர்காத்தோ சதுக்கத்தில், ஓர் ஆயர், இரு வங்கியாளர்கள், இளம் பிரபுக்கள் இருவர் உட்படப் பலருடன் அவரும் கொல்லப்பட்டார். பிரபுக்களுக்கு உரிய முறையில் தலை வெட்டப்பட வேண்டும் என்று அவர் கேட்டது மறுக்கப்பட்டது, தூக்கில் போட்டார்கள். போவதற்கு முன் ஒரு கோப்பை காபி குடித்தார் என்றும், இவற்றையும் ஒருநாள் நினைத்துப் பார்ப்பது இனிமை தரலாம் என்ற பொருளுடைய பண்டைய ரோமானியக் கவிஞர் விர்ஜிலின் இலத்தீன் வரியைச் சொன்னார் என்றும் அதே புரட்சியில் தப்பிப் பிழைத்த வரலாற்றாசிரியர் வின்சென்சோ குவோக்கோ எழுதியிருக்கிறார்.

இவ்வளவையும் சொல்ல ஒரு பகுதி போதும். இரண்டு பகுதிகளை எடுத்துக்கொண்டு, வயலின் இசையையும் கூட்டத்தின் இரைச்சலையும் ஏற்றி, அந்தக் காபிக் கோப்பையைச் சுற்றியே கதை சொல்பவரின் குரல் திரும்பத் திரும்ப நடுங்குகிறது. கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவர் 47 வயது வரை வாழ்ந்தார். படித்தார், எழுதினார், வழக்காடினார், சிறை சென்றார், 35 இதழ்கள் கொண்டுவந்தார். இத்தனைக்குப் பிறகு அவரை நினைவில் வைக்க ஒரே ஒரு காலைப்பொழுதுதான் கிடைத்ததா? இரண்டு பகுதிகளைத் தூக்குமேடையில் செலவிடுவது, அவரைக் கொன்றவர்கள் விரும்பிய இடத்திலேயே அவரை நிறுத்திவைப்பதாகும். எங்கள் வட்டத்தில் எல்லோரும் இதை ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பத்தாம் பகுதியில் கண் கலங்கியவர்கள் உண்டு, “அழவும் விட மாட்டீர்களா ஐயா?” என்று என்னைக் கேட்ட தம்பியும் உண்டு. அழுபவர்களை நான் தடுக்கவில்லை. அந்த நேரத்தில் இதழ்களை இன்னும் நான்கு வாசித்திருக்கலாம் என்பதே என் வருத்தம்.

வாசித்திருந்தால் ஒரு சங்கடமான உண்மையையும் அவர்கள் எதிர்கொள்ள நேர்ந்திருக்கும். ருஃபோவின் படை நெருங்கிவந்த வாரங்களில் மொனித்தோரே நம்பிக்கையூட்டும் தொனியைக் கைவிடவில்லை. தன் அரசைப் பற்றிக் கண்டிப்பாக எழுதிய ஆசிரியர், அந்த அரசு சாகும் நேரத்தில் தன் வாசகரைத் தேற்றுவதற்காகச் செய்தியின் எடையைக் குறைத்தாரா, அல்லது அவருக்கே உண்மை நிலை எட்டவில்லையா? ஒரு பத்திரிகையாளரின் வாழ்க்கையைச் சொல்லும் எவரும் இந்தக் கேள்வியைத் தொட்டே ஆக வேண்டும். இத்தொடர் ஜூன் மாத இதழ்களை முற்றிலும் தாண்டிவிட்டு, நேரே கப்பலுக்கும் சிறைக்கும் போய்விடுகிறது. தியாகியை எழுப்புவதற்காக ஆசிரியரைப் பாதியிலேயே கைவிட்டுவிட்டார்கள்.

கையேடு தனியாக இறக்கிக்கொள்ள வேண்டிய கோப்பாக வருகிறது. அச்சிட்டால் எழுத்து மிகச் சிறியதாக இருக்கிறது. கைப்பேசியில் பெரிதாக்கிப் படிப்பதே நல்லது. நகரின் வரைபடம் இல்லை என்பது பெரிய குறை. சாந்த் எல்மோ மலைமேல் இருக்கிறது, விக்காரியாவும் சந்தைச் சதுக்கமும் கீழே மக்கள் நெருக்கமான பகுதியில் இருக்கின்றன என்று தெரிந்தால்தான், கோட்டையில் கொடியேற்றியவர்களுக்கும் தெருவில் நின்றவர்களுக்கும் இடையே இருந்த தூரம் புலப்படும். நாங்கள் இணைய வரைபடத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டிச் சமாளித்தோம். இதழ்களின் தேதிகளைப் பிரெஞ்சுப் புரட்சி அரசு கொண்டுவந்த புரட்சி நாள்காட்டியில் மட்டுமே கொடுத்திருக்கிறார்கள். ஏழாம் ஆண்டு ப்ளூவியோஸ் 14 என்பது 1799 பிப்ரவரி 2 என்று கேட்பவரே கணக்குப் போட வேண்டும். அதே நாள்காட்டியில் தேதியிட்ட பழைய ஆவணங்கள் நம் தீவின் ஆவணக் காப்பகத்திலும் உண்டு என்பதால், வரலாறு படித்த ஓரிருவருக்கு அது விளையாட்டாக இருந்தது. மற்றவர்களுக்கு அலுப்பாக இருந்தது. நான் ஒரு மாற்று அட்டவணை எழுதி எல்லோருக்கும் படி எடுத்துக் கொடுத்தேன்.

யாருக்கு இது பயன்படும் என்று கேட்டால், பிரெஞ்சு தெரிந்த கல்லூரி மாணவர்களுக்கும், பத்திரிகைத் துறையில் நுழைய விரும்பும் இளையவர்களுக்கும் தயங்காமல் சொல்வேன். வீட்டில் சிறுபிள்ளைகளுடன் சேர்ந்து கேட்க மூன்றாம், பத்தாம் பகுதிகள் ஏற்றவை அல்ல. தனியாகக் கேட்பவர்கள் ஐந்தாம் பகுதியிலிருந்து தொடங்கி எட்டு வரை கேட்டுவிட்டு, விருப்பமிருந்தால் முதல் பகுதிக்குத் திரும்பலாம், கதை குழம்பாது. குழுவாகக் கேட்பதற்கு நிறுவனம் தனிக் கட்டணம் எதுவும் வைக்கவில்லை. ஒரு சந்தாவை வைத்து ஓர் அறையில் பலர் கேட்கலாமா என்று எழுதிக் கேட்டதற்கு, வணிக நோக்கம் இல்லாத கூட்டங்களில் கேட்கலாம் என்று விடை வந்தது. அந்த விடை வருவதற்கு வெகு காலம் பிடித்தது. இரண்டு முறை நினைவூட்டிய பிறகே வந்தது.

காமினெர் துர்ரா பற்றியும் தேதிகள் பற்றியும் நாங்கள் எழுதிய கடிதத்துக்கு வந்த பதில் மரியாதையாக இருந்தது. கையேட்டின் புதிய பதிப்பில் வழக்கமான தேதிகளையும் அடைப்புக்குறிக்குள் சேர்த்துவிட்டார்கள். முன்பே வாங்கியவர்கள் செயலியில் மறுபடி இறக்கிக்கொண்டால் புதிய கோப்பு கிடைக்கும். விளம்பர வாசகம் மட்டும் இதை எழுதும் வரையில் மாறவில்லை.